இதயச் செயலிழப்பு நோயாளர்க்கான உடற்பயிற்சியும் மூளைப் பயிற்சியும்: ஓர் ஒருங்கிணைந்த நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இதயச் செயலிழப்புக்கு ஆளானோர் பலரிடம் நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியன குன்றுகின்றன. ஆனால் அந்நோய்க்கான மருத்துவமோ நோயாளர் நாள்தோறும் நினைவில் வைத்துச் செய்யவேண்டிய கடமைகளைப் பெரிதும் சார்ந்துள்ளது. இம்முரணைக் குறைப்பதற்கு உடற்பயிற்சியையும் மூளைப் பயிற்சியையும் இணைத்து வழங்கும் முறை எவ்வளவு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் பேசுவோரிடம் இம்முறையை ஆராய்கையில் எழும் மொழிச் சிக்கலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இதயச் செயலிழப்பு, அறிதிறன், உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, சொல்நினைவு, தற்பராமரிப்பு.

முன்னுரை

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதன்று. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்தும் ஆற்றல் இதயத்திற்குக் குறைந்துபோன நிலையாகும். மூச்சுத்திணறல், சோர்வு, கால்வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகளாக அறியப்பட்டுள்ளன. மறதியோ முதுமையின் இயல்பாகக் கருதப்பட்டுப் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது.

இந்நோயாளர் பல மாத்திரைகளை உரிய வேளையில் உட்கொள்ள வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். காலைதோறும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாள்களுக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குவதாக உணர்ந்து மருத்துவரை நாட வேண்டும். எடை பார்ப்பது எளிது. முன்னைய நாள்களின் எடையோடு அதனை ஒப்பிட்டு, வேறுபாட்டின் பொருளை உணர்ந்து முடிவெடுப்பதற்கு நினைவும் கவனமும் தேவை. அவை குன்றியவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அவர் மீண்டும் மருத்துவமனைக்கு வரும்போது அறிவுரையைப் பின்பற்றவில்லை எனக் குறைகூறுவது முறையாகாது.

இதயமும் மூளையும்

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. எனினும் ஓய்வு நிலையில் இதயம் செலுத்தும் குருதியில் சுமார் 15 விழுக்காட்டையும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டையும் அது பெறுகிறது. எனவே இதயம் தளரும்போது மூளைக்குச் செல்லும் குருதியோட்டமும் பாதிக்கப்படலாம். நாட்பட்ட அழற்சி, நுண்ணிய குருதிக்கட்டிகள், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியனவும் இப்பாதிப்பில் பங்கு கொள்கின்றன. அளவிடும் கருவிக்கும் நோயின் கடுமைக்கும் ஏற்ப, இந்நோயாளருள் கால்பங்கினர் முதல் முக்கால்பங்கினர் வரை அறிதிறன் குறைபாடு உடையோராக ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளனர்.

இரு பயிற்சிகளின் தனித்தனிப் பயன்

இந்நோயாளர்க்கு முழு ஓய்வே நல்லது என்ற பழைய கருத்து இன்று மாறியுள்ளது. அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளில் 2331 நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்று 2009இல் வெளியான ‘எச்.எப்.–ஆக்‌ஷன்’ ஆய்வு, நிலையான உடல்நிலை உடையோர்க்கு முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானது என்பதையும், வாழ்க்கைத்தரத்தை ஓரளவு உயர்த்துகிறது என்பதையும் காட்டியது. மூளையைப் பொறுத்தவரை, 120 முதியோரிடம் நிகழ்த்தப்பெற்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. ஓராண்டு நடைப்பயிற்சி செய்தோரிடம், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியின் பருமன் சுமார் 2 விழுக்காடு கூடியிருந்தது. அவர்கள் இதயச் செயலிழப்பு நோயாளர் அல்லர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

மூளைப் பயிற்சியின் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. 2832 முதியோர் பங்கேற்று 2002இல் முடிவுகள் வெளியான ‘ஆக்டிவ்’ ஆய்வில் நினைவு, பகுத்தறிதல், செயல்விரைவு ஆகியவற்றுள் எதில் பயிற்சி அளிக்கப்பட்டதோ அத்திறனே மேம்பட்டது. அப்பயன் ஏனைய திறன்களுக்குப் பரவவில்லை.

இணைப்பின் அடிப்படையும் சான்றும்

உடற்பயிற்சி குருதியோட்டத்தையும் நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதங்களையும் தூண்டி மூளையைக் கற்றலுக்கு ஆயத்தப்படுத்துகிறது. மூளைப் பயிற்சி அந்த ஆயத்தநிலையைக் குறிப்பிட்ட திறன்களுக்குப் பயன்படுத்துகிறது என்பதே இணைப்பின் கருதுகோள்.

இதனை எமரி பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கேரி குழுவினர் 69 நோயாளரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டனர். நோயாளர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு இரு பயிற்சிகளையும், மற்றொன்று உடற்பயிற்சியை மட்டும், மூன்றாவது தசைநீட்டல் அசைவுகளையும் மேற்கொண்டது. இணைந்த பயிற்சி பெற்ற குழுவில் சொல்நினைவு மேம்பட்டது. நம்பிக்கை தரும் முடிவே இது. ஆயினும் இது சிறிய முன்னோட்ட ஆய்வு. மூளைப் பயிற்சியை மட்டும் பெற்ற குழு இதில் இல்லாமையால், பயன் இணைப்பினால் விளைந்ததா, மூளைப் பயிற்சியால் மட்டும் விளைந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

மொழிசார்ந்த சிக்கல்

மேம்பட்டது சொல்நினைவு என்பதால் இவ்வாய்வு மொழியோடும் தொடர்புடையதாகிறது. மோகா எனப்படும் அறிதிறன் சோதனையின் ஆங்கில வடிவத்தில், ‘எஃப்’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் கூறுதல் ஓர் உறுப்பு. 11 சொற்களைக் கூறினால் மதிப்பெண் உண்டு. தமிழில் இதனை அப்படியே பெயர்க்க இயலாது. ‘ப’ எனக் கேட்டால் ‘பூ’, ‘பால்’ என்பன ஏற்கப்படுமா? பகர வருக்கம் முழுவதும் ஏற்கப்படின் 11 என்ற அளவு பொருந்துமா? முறையான பள்ளிக்கல்வி பெறாத முதியவரிடம் எழுத்தை மையமிட்ட வினா அறிதிறனை அளக்கிறதா, கல்வியை அளக்கிறதா? எழுத்துவழக்குச் சொற்பட்டியலும் பேச்சுவழக்கில் சிந்திப்போர்க்குத் தடையாகலாம். இவ்வினாக்களுக்கு விடை காணாமல் தொகுக்கப்படும் மதிப்பெண், நலமுடையவரைக் குறைபாடுடையவராகவும் குறைபாடுடையவரை நலமுடையவராகவும் காட்டிவிடும். இங்கு மருத்துவரும் மொழியியலாரும் இணைந்து பணியாற்றுதல் தேவை.

முடிவுரை

உடற்பயிற்சியையும் மூளைப் பயிற்சியையும் இணைப்பது அறிவியல் அடிப்படை உடைய முயற்சி. எனினும் உறுதிசெய்யப்பட்ட மருத்துவம் என இன்றைய நிலையில் கூறுவதற்கில்லை. நான்கு குழுக்களைக் கொண்ட பெரிய ஆய்வுகளும், சொல்நினைவின் மேம்பாடு மருந்துண்ணல், எடை கண்காணித்தல் ஆகியவற்றில் வெளிப்படுகிறதா என்ற அளவீடும் தேவை. அதுவரை, மருத்துவரின் மேற்பார்வையில் உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதோடு, நோயாளரின் நினைவாற்றலையும் கேட்டறிவது இயலும். நினைவு குன்றியிருப்பின் அறிவுரையை எழுத்திலோ படத்திலோ வழங்கி, வீட்டாரையும் உடனிருத்தி விளக்குதல் வேண்டும். இதயத்தைப் பேணும் பொறுப்பை நோயாளரிடம் அளிக்கும் மருத்துவம், அப்பொறுப்பைத் தாங்கும் மூளையையும் பேணக் கடமைப்பட்டுள்ளது.