டிரௌட் மீனும் தூண்டிற்காரரும்

மலைச் சிற்றோடையில் டிரௌட் மீன் பிடிப்பவரைக் கவனித்தால் ஒன்று விந்தையாகத் தோன்றும். அவர் கரையில் நிமிர்ந்து நடப்பதில்லை. ஓட்டத்தை எதிர்த்து, கீழிருந்து மேலாக, குனிந்து மெல்ல நகர்கிறார். இது ஏன்?

டிரௌட் குளிர்நீர் மீன். நீர் குளிரக் குளிர அதில் கரையும் பிராணவாயு மிகுகிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 10° செ. வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும், 30° செ. வெப்பத்தில் ஏழரை மில்லிகிராம்தான். நீர் சூடேறினால் மீனின் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. அதனால்தான் நம் சமவெளி ஆறுகள் இதற்கு ஏற்றவை அல்ல.

நீலகிரியில் டிரௌட்டைக் குடியேற்ற 1860-களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் முயன்று வென்றார்; 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. அங்கு நிலைபெற்ற வானவில் டிரௌட்டின் தாயகம் பசிபிக் கடலை அடுத்த நாடுகளின் ஆறுகள் ஆகும்.

ஓடையில் இம்மீன் பாறையின் மறைவில், ஓட்டத்தை நோக்கி நிற்கும். அங்கு நீந்தும் உழைப்பு குறைவு. பூச்சிகளை நீரே வாயருகே கொணர்கிறது. ஆகவே பின்புறமாக வருபவர் அதன் கண்ணில் எளிதில் படுவதில்லை. மேலும், ஒளி நீரில் நுழையும்போது வளைவதால், கரையும் வானும் மீனுக்குச் சுமார் 97 பாகை விரிந்த வட்டச் சாளரத்தினுள் அடங்கித் தெரிகின்றன. தாழ்ந்திருக்கும் பொருள் அதன் விளிம்பில் நசுங்கித் தோன்றும். நிமிர்ந்து நிற்பவரோ நன்கு தெரிவார். குனிவதன் இரகசியம் இதுவே. பிறகு, இறகும் நூலும் கொண்டு முள்ளில் கட்டிய போலிப் பூச்சியை மீனுக்கு மேலே வீசி, ஓட்டத்தோடு மிதந்து வரவிடுகிறார்.

ஆனால் மீன் இருந்தால்தானே தூண்டில்! பெண் டிரௌட் வாலால் சரளைக் கற்களில் குழி பறித்து முட்டையிடுகிறது. கற்களின் இடுக்கில் ஓடும் நீரே முட்டைகளுக்குப் பிராணவாயு தருகிறது. மலைச்சரிவில் மரங்களை வெட்டி மண்ணைக் கிளறினால், மழையில் கரைந்த வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிடும். முட்டைகள் மூச்சுத்திணறி மடியும். நிழல் போனால் நீரும் சூடேறும். டிரௌட் வெளியிலிருந்து வந்த மீன்தான். ஆயினும் இக்கேடு அதனோடு நிற்பதில்லை. தெளிந்த குளிர்நீரை நம்பியுள்ள ஓடைப் பூச்சிகளும் அதே வண்டலில் புதைகின்றன. ஓடையைக் காக்க வேண்டிய இடம் கரையன்று, அதற்கு மேலுள்ள சரிவு.