வலிக்காத கட்டி என்று விட்டுவிடாதீர்கள்!

சென்னை.

“வலிக்கலியே, அப்புறம் என்ன?” மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் பல பெண்கள் சொல்லும் பேச்சு இதுதான். பொண்ணு கல்யாணம் முடியட்டும், பையன் பரீட்சை முடியட்டும் என்று நாளைக் கடத்துவார்கள். ஆம்பிளை டாக்டரிடம் காட்ட வெட்கம் வேறு. சிலர் புருஷனிடம்கூட வாய் திறப்பதில்லை.

வினையே இங்கேதான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருந்தால் நோய் அக்குளுக்குத் தாவி, எலும்பு, நுரையீரல், ஈரல் என்று பரவிவிடக்கூடும்.

81 எங்கே, 18 எங்கே!

2012 முதல் 2015 வரை இந்த நோய் கண்ட சுமார் 18 ஆயிரம் பெண்களின் கதி என்ன ஆயிற்று என்று நாட்டின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து கணக்கெடுத்தார்கள்.

கட்டி மார்போடு நின்றபோதே வந்தவர்களில் 100க்கு 81 பேர் 5 வருடத்தைத் தாண்டினார்கள். அக்கம்பக்கம் பரவியபின் வந்தவர்களில் சுமார் 65 பேர். உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவியபின் வந்தவர்களிலோ சுமார் 18 பேர்தான்!

நோய் ஒன்றுதான். வந்த நேரம்தான் வேறு.

12 படுக்கையில் தொடங்கியது

சென்னையில் புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வருவது அடையாறு ஆஸ்பத்திரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் பிறந்த எண்ணம் 1954ல் 12 படுக்கைகளோடு நிறைவேறியது. மறு வருடமே அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ல் கண்மூடும்வரை அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கை என்று இருந்தார்.

பெரிய கட்டியோடு வரும் ஏழைப் பெண்களை அங்கே கைவிடவில்லை. முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பே மருந்து கொடுப்பது இன்று உலகெங்கும் வழக்கம்.

கத்தி பட்டால் பரவுமா?

“ஊசி குத்தினாலே பரவிடும்” என்று தெருவில் யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் நோய் எது, மருந்து எது என்று தெரியும்.

மார்பையே எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. கட்டி சிறிதாக இருந்தால் பெரும்பாலும் அதை மட்டும் அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும். சீக்கிரம் வருவதில் இந்த லாபமும் இருக்கிறது. ஊசி மருந்தில் முடி கொட்டலாம். வைத்தியம் முடிந்தபின் திரும்ப முளைத்துவிடும். சிலருக்கு 5 வருடம், அதற்கு மேலும்கூட, தினம் ஒரு மாத்திரை உண்டு. உடம்பு தேறிவிட்டது என்று அதைப் பாதியில் நிறுத்தக்கூடாது.

செலவை நினைத்தும் ஒதுங்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்துக்கும் இடம் இருக்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

மாதவிடாய் முடிந்த சில நாளில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.

பார்க்கப்போனால், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரி அல்ல!

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ மனைவியிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.