பயிர்நோய்: முதலில் காண்பவர் யார்?

மனிதருக்கு நோய் வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வாய் இருக்கிறது. ஆடு மாடுகள் தீனி எடுக்காமல் படுத்துவிடும், வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும். செடியின் நோயை மட்டும் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பார்த்தவர் சொல்லாமல் போனாலோ, அவர் சொன்னதை யாரும் கேட்காமல் போனாலோ என்ன ஆகும் என்பதற்கு நான் வசிக்கும் இலண்டனின் லூயிஷாமிலும் சாட்சி உண்டு. இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு.

லூயிஷாமின் பூங்காக்களிலும் ரயில் பாதையோரச் சரிவுகளிலும் ஆஷ் என்ற மரம் நிறைய நிற்கிறது. கோடை காலத்தில் அண்ணாந்து பார்த்தால் சில மரங்களின் உச்சிக் கிளைகள் இலையின்றி மொட்டையாகத் தெரியும். கிட்டப் போனால் இளங்கிளை பிரியும் இடத்தில் சாய்சதுர வடிவத்தில் கறுத்த காயம் ஒன்று இருக்கும். ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் என்ற பூஞ்சையின் வேலை அது. கிழக்கு ஆசியாவின் ஆஷ் மரங்களோடு பெரிய தீங்கின்றிக் கூடி வாழ்ந்து வந்த இந்தப் பூஞ்சை, ஐரோப்பாவுக்கு வந்ததும் கொலையாளியாக மாறிவிட்டது.

இந்தக் கதையில் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். போலந்தில் ஆஷ் மரங்கள் பட்டுப்போவதை 1990களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். காரணமான பூஞ்சை இன்னதென்று விவரித்துப் பெயரிடப்பட்டது 2006இல். பிரித்தானியாவில் நோய் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 2012 தொடக்கத்தில், நெதர்லாந்திலிருந்து ஒரு நாற்றுப் பண்ணைக்கு வந்த கன்றுகளில். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கிழக்கு இங்கிலாந்தின் காடுகளிலும் அது தென்பட்டது. அக்டோபர் இறுதியில் ஆஷ் கன்றுகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆனால் பின்னர் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், 2012க்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் இந்நாட்டுக்குள் புகுந்துவிட்டது என்று கண்டார்கள். அத்தனை காலமும் அம்மரங்களின் கீழே மனிதர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நாய்களை உலவ விட்டவர்களும் இருந்தார்கள், மரம் வெட்டும் தொழிலாளரும் இருந்தார்கள். எதைப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கோப்பி போன கதை

இதைவிடப் பெரிய விலை கொடுத்த கதை ஒன்று நம்மவர்களுடையது. 1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வெய்ட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் ப்ரூம் என்பவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதே ஆண்டில் பெயரிட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தில் உருளைக்கிழங்கை அழித்தது ஒரு பூஞ்சையே என்று 1846இல் வாதிட்டவரும் இதே பெர்க்லிதான்.

ஆக, நோய் கண்ட ஆண்டிலேயே பெயர் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் கோப்பி அழிந்தது. கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்ததால், விளைச்சல் குறைந்தபோதும் தோட்டத் துரைமார் காட்டை வெட்டிப் புதிய நிலங்களில் கோப்பி நட்டுக்கொண்டே போனார்கள். 1870களின் இறுதியில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. நோயின் வாழ்க்கைச் சக்கரத்தை ஆராய ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அனுப்பப்பட்டது 1880இல்தான், அதாவது பதினொரு ஆண்டுகள் கழித்து. அவர் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். வித்து இலையின் ஈரத்தில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைவதையும் விளக்கினார். மலை முழுவதும் ஒரே பயிரை நட்டு, காற்றை மறிக்க மரங்களும் இல்லாமல் செய்ததே நோய்க்கு இராஜபாட்டை போட்டது என்பது அவர் ஆய்விலிருந்து தெரிந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1870இல் பத்துக் கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதியான கோப்பி, 1890 அளவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தது. பல தோட்டங்கள் கைமாறின; கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது.

தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் படகிலும் வந்து அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் மக்கள். பலருடைய கூலி பாக்கியாகவே நின்றுபோயிற்று. களை பிடுங்கியும் பழம் பறித்தும் அச்செடிகளை நாள் முழுதும் தொட்டவர்கள் அவர்களே. அந்தச் செம்மஞ்சள் தூள் முதலில் ஒட்டியதும் அவர்கள் கையிலும் துணியிலுமாகத்தான் இருந்திருக்கவேண்டும். எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பின் அது கூடியது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை யார் கேட்டார்கள்? கேட்டதற்கான குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆய்வுகூடம் செய்வது என்ன?

1920இல் இலண்டன் கியூவில் பேரரசுப் பூஞ்சையியல் பணியகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் பூசா ஆய்வு நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி, இந்தியப் பயிர்நோயியலுக்கு அடித்தளமிட்ட பட்லர்தான் அதன் முதல் இயக்குநர். காலனி நாடுகளிலிருந்து நோயுற்ற இலைகள் தபாலில் அங்கே வந்து சேரும். பெயர் எழுதிய பதில் திரும்பிப் போகும். அதன் வழிவந்ததே இன்று காபி என்று அழைக்கப்படும் சர்வதேச அமைப்பு. (குடிக்கும் காப்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை!)

இன்றைய ஆய்வுகூடத்தில் ஒரு இலை பல படிகளைக் கடக்கிறது. முதலில் வெறுங்கண்ணாலும் உருப்பெருக்கியாலும் பார்ப்பார்கள். பிறகு இலைத் துண்டை ஈரத்தாள் இட்ட மூடிய தட்டில் சில நாள் வைப்பார்கள். பூஞ்சை இருந்தால் வித்து விடும், நுண்ணோக்கியில் அதன் வடிவம் தெரியும். அல்லது உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த கூழில் வளர்த்துப் பார்ப்பார்கள். வைரஸ் என்று ஐயம் வந்தால் அதன் புரதத்தைப் பிடிக்கும் எலைசா சோதனை, இன்னும் நுட்பமாக அதன் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை. கொரோனா காலத்தில் நாம் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே வகைச் சோதனைப் பட்டைகள் சில செடி நோய்களுக்கும் உண்டு. வயலிலேயே சில நிமிடங்களில் விடை சொல்லும்.

ஆனால் இச்சோதனைகளில் பல, கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தருபவை. 'இந்த வைரஸ் இருக்கிறதா?' என்று கேட்டால் உண்டு அல்லது இல்லை என்னும். 'வேறு என்ன இருக்கிறது?' என்பதற்கு வாய் திறக்காது. வந்து சேரும் மாதிரியும் சரியாக இருக்கவேண்டும். முழுதாகச் செத்த இலையை அனுப்பினால், செத்ததைத் தின்ன வந்த வேறு பூஞ்சைகளே அதில் வளர்ந்து நிற்கும். கொலையாளி போய், பிணத்தைப் பார்க்க வந்த கூட்டம் மட்டும் மிஞ்சிய கதைதான். நோய்ப்பட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் எல்லை, வேர், அடித்தண்டு ஆகியவை வேண்டும். ஈரம் சொட்ட பிளாஸ்டிக் பையில் கட்டாமல் தாளில் சுற்றி அனுப்பவேண்டும்.

மென்பொருள் எழுதுபவனுக்கு இது பழகிய தொல்லை. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி வரும் முறைப்பாட்டால் ஒரு பயனும் இல்லை. என்ன செய்தபோது, எந்தத் திரையில், எப்போது என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பயிர்நோயிலும் மிகச் சிறந்த கருவிக்கு முன்னே கவனித்து எழுதிய ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

சரியான பெயரின் பலன்

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்கள் (ஈழத்தவருக்குப் பப்பாசி) வெள்ளை மாவு பூசியதுபோல் ஆகிக் காய்கள் உதிர்ந்தன. மரவள்ளிக்கும் பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரிக்கும் அது பரவியது. இது நோயல்ல, மாவுப்பூச்சி. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சிக்கு அது உறைக்கவில்லை. அதைத் தின்னக்கூடிய நல்ல பூச்சிகளே செத்தன. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று பூச்சியின் பெயர் உறுதியானதும் நிலைமை மாறியது. அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி என்பதும், அதற்கென்றே ஒரு குட்டிக் குளவி உண்டு என்பதும், கரீபியன் தீவுகளில் அதைக்கொண்டு அடக்கியிருக்கிறார்கள் என்பதும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. 2010இல் அசெரோஃபகஸ் பப்பாயே என்ற அக்குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டது. அடுத்த சில பருவங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. இலங்கையிலும் 2008இல் கண்டறியப்பட்ட அதே பூச்சிக்கு 2009இல் அதே குளவியே மருந்தாயிற்று.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் போத்தலுக்கு விவசாயி கொடுக்கும் காசு பெரும்பாலும் கடன் வாங்கிய காசு.

கண்ணைப் பழக்குதல்

அப்படியானால் ஊருக்கு ஊர் ஆய்வுகூடம் கட்டலாமே என்று தோன்றும். அது நடக்கிற காரியமல்ல. எல்லாவற்றுக்கும் அது தேவையுமல்ல. மேலே சொன்ன காபி அமைப்பு 2003 அளவில் பொலிவியாவில் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. சந்தையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு உருப்பெருக்கி, ஒரு கத்தி, சில படத் தாள்கள். வாடிய செடியோடு யாரும் வரலாம். பயிற்சி பெற்ற 'பயிர் வைத்தியர்' பார்த்து, சீட்டு எழுதித் தருவார். 2011இல் இது பிளாண்ட்வைஸ் என்ற பெயரில் பல நாடுகளுக்கு விரிந்தது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2012 முதல் இத்தகைய பயிர் மருத்துவ முகாம்களை நடத்தியது. இலங்கையில் விவசாயத் திணைக்களம் நடத்தியது.

இவர்கள் கற்பது நோய்களின் இலத்தீன் பெயர்களையல்ல. கேள்வி கேட்கும் முறையை. மஞ்சளாவது பழைய இலையா, புதிய இலையா? பழைய இலையானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்; நரம்பு பச்சையாக நிற்க இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வயல் முழுவதும் ஒரே சீராகவா, அங்கங்கே திட்டாகவா? ஒரே சீரானால் மண்ணையும் தண்ணீரையும் அடித்த மருந்தையும் முதலில் சந்தேகிக்கவேண்டும். உயிருள்ள நோய் பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுவார்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தப் பூஞ்சைக்கொல்லியும் அதற்குப் பயன்படாது. ஒரு குவளைத் தண்ணீர் ஒரு விவசாயியின் காசைக் காப்பாற்றிவிடுகிறது.

தெரியாதபோது தெரியாது என்று சொல்லவும் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். புதிதாக ஏதும் கண்டால் ஊகித்து மருந்து எழுதாமல் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு சீட்டின் விவரமும் பதிவாகிறது. ஒரே அறிகுறி ஐந்து ஊர்களின் சீட்டுகளில் ஒரே மாதத்தில் வந்தால் அது ஒரு பரவலின் முதல் மணியோசை.

கைத்தொலைபேசி போதாதா?

என் தொழிலில் இருப்பவர்கள் உடனே கேட்பது இது. 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 14 பயிர்கள், 26 நோய்கள் அடங்கிய 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களை அது 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது சுமார் 31 விழுக்காடாகச் சரிந்தது. பழகிய படங்களெல்லாம் வெற்றுப் பின்னணியில் வைத்த தனி இலைகள். வயலிலோ வெயில், நிழல், புழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நோய்கள். அதன்பின் செயலிகள் எவ்வளவோ முன்னேறியுள்ளன, நல்ல துணையும்கூட. ஆனால் வேரைப் பிடுங்கிப் பார், பக்கத்து வயலையும் பார் என்று படத்துக்குச் சொல்லத் தெரியாது. இதுவரை எவரும் காணாத நோயைப் பழைய படங்களில் தேடிப் பயனுமில்லை.

ஆஷ் மரத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு பிரித்தானியாவும் மனிதக் கண்களிடமே வந்தது. 2013இல் தொடங்கிய அப்சர்வாட்ரீ என்ற திட்டத்தில் தொண்டர்களுக்கு மர நோய்களின் அறிகுறிகளைக் கற்பித்தார்கள். ட்ரீ அலேர்ட் என்ற இணைய வசதியில் யாரும் படத்தோடு முறையிடலாம். ஆலிஸ் ஹோல்ட் ஆய்வு நிலையத்து நிபுணர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள்.

நாமும் இரண்டு செய்யலாம். ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஒளித்துக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடலாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாத கன்று சட்டத்துக்கு மாறானது. எலுமிச்சை, தோடைத் தோட்டங்களைச் சாய்க்கும் நோயைக் காவும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வது. அடுத்தது, தினமும் கடந்து போகும் மரத்தை வருடத்துக்கு இரண்டு தடவையாவது நின்று பார்ப்பது. மாறுதல் கண்டால் எழுதிப் போடுவது. மடுல்சீமையில் கண்டவர்களைக் கேட்க ஆளில்லை. இங்கே கேட்கிறார்கள்.