பழைய மரவேலை மெசின் வாங்கு முன்...



பழைய தையல் மெசின் ஒன்று விலைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்போம். நூல் அறுகிறதா, தையல் தாவுகிறதா என்று ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்ப்போம். அதன் பின்புதான் காசை எடுப்போம். ஆனால் கணவரோ மகனோ, "மரவேலை மெசின் ஒன்று மலிவாக வருகிறது" என்று வந்து நின்றால், "அது ஆண்களுடைய விசயம்" என்று காப்பைக் கழற்றிக் கொடுத்து விட்டு ஒதுங்கி விடுகிறோம். காப்பு நம்முடையது என்றால், கேள்வியும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

நாவற்குடா போன்ற ஊர்களில் வளவுகள் சிறியவை. வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் ஓடாவித் தொழில் செய்யும் குடும்பத்துக்கு வாள் ஒன்று, சீவும் மெசின் ஒன்று, துளைக்கும் மெசின் ஒன்று என்று தனித்தனியாக வைக்க இடமும் இல்லை, முதலும் இல்லை. அதனால்தான் ஒரே உடம்பில் பல வேலை செய்யும் மெசின் மனதைக் கவர்கிறது. புதியது கைக்கு எட்டாத விலை என்பதால் பழையதைத் தேடுகிறோம். தேடுவதில் தவறில்லை. எதைப் புதுப்பிக்கலாம், எதைப் புதுப்பிக்க முடியாது என்று தெரியாமல் வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

உதிரிப்பாகம் தேடியவரின் கதை

பல வேலை மெசின்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ஷொப்ஸ்மித். ஜெர்மனியில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் உருவாக்கிய இந்த மெசின் 1947 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. ஒரே மோட்டரில் வட்ட வாள், கடைசல், நேர்த் துளை, கிடைத் துளை, உரசித் தேய்த்தல் என ஐந்து வேலைகள். ஆயினும் 1960 களில் அதன் உற்பத்தி நின்று போயிற்று. ஒஹாயோவைச் சேர்ந்த ஜோன் ஃபோல்கர்த் என்பவர் தம்மிடமிருந்த மெசினுக்கு உதிரிப்பாகம் தேடி அலைந்தார். முடிவில் அந்த மெசினைத் தயாரிக்கும் உரிமையையும் கருவிகளையுமே வாங்கி, 1972 இல் புதிய கம்பனியைத் தொடங்கி விட்டார்!

எல்லோராலும் கம்பனியை வாங்க முடியுமா? முடியாது. ஆகவே உதிரிப்பாகம் பற்றிய கேள்வியை மெசின் வீட்டுக்கு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே கேட்டு விட வேண்டும்.

மூன்று வகைப் பாகங்கள்

எந்தப் பழைய மெசினையும் பார்க்கும்போது அதன் பாகங்களை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, கடையில் கிடைப்பவை. பெயாரிங், பெல்ட், ஸ்விச், மோட்டரின் கொண்டென்சர், போல்ட், நட் ஆகியன இந்த வகை. இவை பெரும்பாலும் பொதுவான அளவுகளில் செய்யப்படுபவை. மெசின் வேறு நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை.

இரண்டாவது, செய்விக்கக் கூடியவை. தேய்ந்த புஷ், உடைந்த கைப்பிடி, பெல்ட் ஓடும் புலி ஆகியவற்றைப் பழைய துண்டை மாதிரியாகக் கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். ஆகவே உடைந்த துண்டையும் எறிந்து விடாதீர்கள். அதுதான் அளவு.

மூன்றாவது, போனால் போனதுதான் என்பவை. வார்ப்பிரும்பு மேசை, மெசினின் உடம்பு, சீவும் கத்திகள் பொருந்தியிருக்கும் உருளை ஆகியன. வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால் பக்கத்தில் மீண்டும் வெடிக்கும். பித்தளை ஒட்டு அல்லது நிக்கல் கம்பி கொண்டு பக்குவமாகச் சூடேற்றி ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். வேகமாகச் சுழலும் உருளையையோ வாள் பூட்டும் தண்டையோ ஒருபோதும் ஒட்டிப் பாவிக்கக் கூடாது.

முதல் இரண்டு வகையில் குறையிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூன்றாவதில் குறையிருந்தால், சும்மா தந்தாலும் வேண்டாம் என்று திரும்பி விடுங்கள். மெசினின் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பூசியிருந்தால் அங்கே வெடிப்பு மறைந்திருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

நம்பரை வாசியுங்கள்

பெயாரிங்கின் வளையத்தில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். உதாரணமாக 6204. கடைசி இரண்டு இலக்கமான 04 ஐ ஐந்தால் பெருக்கினால் 20. அதாவது உள் துவாரம் 20 மில்லிமீற்றர். 6205 என்றால் 25. (04 க்குக் குறைந்த எண்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 6203 இன் துவாரம் 17 மில்லிமீற்றர்.) இதே நம்பர்கள் மோட்டார் சைக்கிளிலும் தண்ணீர்ப் பம்பிலும் உண்டு. ஆகவே மரவேலை மெசினுக்கென்று தனிக் கடை தேட வேண்டியதில்லை. பம்ப் திருத்தும் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். மரத்தூள் புகாமலிருக்க இரு பக்கமும் றப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகங்களுக்குப் பேர் போன பஞ்சிகாவத்தை இருக்கிறது. வாள், சீவும் கத்தி போன்றவற்றுக்குத் தளபாடத் தொழிலுக்குப் புகழ் பெற்ற மொறட்டுவையில் விசாரிக்கலாம்.

பெல்டும் அப்படித்தான். முதுகின் அகலம் 13 மில்லிமீற்றர் என்றால் 'ஏ' வகை, 17 என்றால் 'பி' வகை. ஏ 42 என்றால் உட்சுற்று 42 அங்குலம். பெல்டில் எழுத்து அழிந்திருந்தால் ஒரு நூலைச் சுற்றி அளந்து கொண்டு போங்கள். சட்டைக்கு அளவெடுத்த கைக்கு இது ஒரு வேலையா?

மோட்டரில் கவனம்

மோட்டரின் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்க மோட்டர் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதை நேரடியாகக் கொடுத்தால் கருகி விடும். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. வேகம் ஆறில் ஐந்து பங்காகி, சூடும் கூடும். உள்ளூரில் கிடைக்கும் மோட்டரைப் பூட்டுவதே பெரும்பாலும் நல்லது. மூன்று பேஸ் மோட்டர் என்றால் வீட்டில் அந்த இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டரை மாற்றினால் வேகத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 2880 சுற்றுச் சுற்றும் மோட்டரில் 4 அங்குலப் புலி, வாளின் தண்டில் 3 அங்குலப் புலி என்றால், வாள் 3840 சுற்றுச் சுற்றும். வாளில் பொறித்திருக்கும் உச்ச வேகத்தை இது தாண்டக் கூடாது.

உப்புக் காற்றுக்கு மருந்து

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நமது காற்றில் உப்பு இருக்கிறது. மேலோட்டமான துருவுக்குப் பயப்பட வேண்டாம். மேசையை மண்ணெண்ணெய் தொட்டு மென்மையான உரசு கடதாசியால் தேய்க்கலாம். போல்ட், நட் போன்ற சிறு இரும்புத் துண்டுகளை ஓர் இரவு வினாகிரியில் ஊற விட்டு, அப்பச் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி மெசின் எண்ணெய் பூசுங்கள். பெயாரிங்கை மட்டும் அதில் போட வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது நாளடைவில் பிசினாகித் தூளைப் பிடித்துக் கொள்ளும். மேசையின் மேல் மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் துடைத்து விட்டால் துருவும் அண்டாது, பலகையும் வழுக்கிச் செல்லும்.

விரலுக்கு உதிரிப்பாகம் இல்லை

பழைய மெசின்களில் முதலில் காணாமல் போவது பாதுகாப்பு மூடிதான். "வேலைக்கு இடைஞ்சல்" என்று கழற்றி எறிந்திருப்பார்கள். விற்பவர் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். நீங்கள் பேசுங்கள்!

வட்ட வாளுக்கு மேலே மூடி வேண்டும். வாளுக்குப் பின்னால், அதன் வளைவோடு ஒட்டினாற்போல் பிரிப்புத் தகடு ஒன்று வேண்டும். பற்களுக்கும் அதற்கும் இடைவெளி 8 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. அறுத்த பலகை மீண்டும் நெருங்கி வாளைக் கவ்வினால், வாள் அதை ஓடாவியின் மீதே எறிந்து விடும். அதைத் தடுப்பது இந்தத் தகடுதான். சீவும் உருளை வட்டமாக இருக்கட்டும். சதுர உருளை உள்ள மிகப் பழைய மெசின் வேண்டாம். அதில் சிக்கும் கை ஆழமாக வெட்டுப்படும்.

மெசினுக்கு ஏர்த் இணைப்பும் வீட்டுக்கு ட்ரிப் ஸ்விச்சும் கட்டாயம். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தெரிந்தவரே தொடட்டும்.

தூள் வீட்டுக்குள் வேண்டாம்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. நீண்ட காலம் சுவாசிப்பவர்களுக்கு மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோய் முக்கியமானது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும். ஆகவே சாய்ப்புக்கும் குசினிக்கும் இடையில் கதவு இருக்கட்டும். வேலை உடுப்பைத் தனியாகக் கழுவுங்கள். தூளைப் பெருக்கு முன் சிறிது நீர் தெளியுங்கள். முக மூடி இல்லாமல் மெசினைப் போட விடாதீர்கள். பிள்ளைகளின் விளையாட்டு இடம் அதுவல்ல.

ஒரு கொப்பி போதும்

சகோதரிகளே! ஒரு கொப்பியை எடுங்கள். மெசினின் விலை, ஏற்றிக்கொண்டு வரும் கூலி, பெயாரிங், பெல்ட், மோட்டர், மின் இணைப்பு, மூடி செய்யும் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் மெசினின் உண்மையான விலை. விற்பவர் சொல்வது அல்ல. பெயாரிங் நம்பரையும் பெல்ட் அளவையும் அதிலேயே குறித்து வையுங்கள். மெசின் பழுதாகி, ஓடர் எடுத்த அலுமாரி பாதியில் நிற்கும் நாளில் அந்த ஒரு பக்கம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கூட்டுத் தொகை கைக்கு மிஞ்சினால், "இப்போது வேண்டாம், அடுத்ததைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மூடி செய்யும் செலவை மட்டும் கணக்கிலிருந்து வெட்டி விடாதீர்கள். அடகு வைத்த காப்பை உழைத்து மீட்கலாம். உழைக்கும் கையை மீட்க முடியுமா?