குப்பைக் கூடையில் ஓர் இயற்பியல் விதி

திண்டிவனம் பக்கத்து மாணவர்களுக்கு மல்லாட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடப் புத்தகம் அதை நிலக்கடலை என்று சொல்லும், அவ்வளவுதான் வேறுபாடு. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு நாட்டின் பல பகுதிகளுக்கும் போயின. அவ்வெழுத்துகள் நம் ஊரின் பெயரே என்பது பலருக்குத் தெரியாது.

உடைத்த மல்லாட்டையில் பருப்பும் ஓடும் கலந்து கிடக்கின்றன. அவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? முறத்தில் இட்டுப் புடைக்கிறார்கள். பருப்பு கனமானது. ஓடு இலேசானது, எடையை நோக்க அதன் பரப்பு மிகுதி. ஆகவே காற்று ஓட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது, பருப்பு முறத்திலேயே விழுகிறது. எந்திரமோ மின்சாரமோ இதற்குத் தேவையில்லை.

இப்போது அந்த முறத்தில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டுப் புடைத்துப் பாருங்கள். ஓடு பருப்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று ஒன்றும் செய்யாது. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களின் குப்பைத் தொட்டியில் நாள்தோறும் நடப்பது இதுதான். உலர்ந்த காகிதம் நல்ல பொருள். பழைய பேப்பர்க்காரர் காசு கொடுத்து வாங்குவார். மீந்த சோறும் நல்ல பொருள்; மாடு தின்னும், மண்ணில் புதைத்தால் உரமாகும். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்ட மறுகணம் காகிதம் காகிதமாக இல்லை, சோறு தீவனமாக இல்லை. இரண்டு நல்ல பொருள்களைக் கூட்டினால் ஒரு குப்பை கிடைக்கிறது. வினோதமான கூட்டல்!

இந்தக் கூட்டலுக்குப் பின்னால் ஒரு பெரிய விதி இருக்கிறது. ஒரே அளவும் ஒரே எடையும் உள்ள பாசிமணிகள், கறுப்பில் பத்து, சிவப்பில் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறுகிய கண்ணாடிக் குழலில் கறுப்பைக் கீழும் சிவப்பை மேலுமாக வரிசையாக அடுக்குங்கள். பிறகு மணிகளை ஒரு டப்பாவில் கொட்டிக் குலுக்கி, மீண்டும் குழலில் இறக்குங்கள். பழைய வரிசை திரும்பி வருமா? இருபது மணிகளும் அமையக்கூடிய வரிசைகள் மொத்தம் 1,84,756. அவற்றுள் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விநாடிக்கு ஒரு முறை என்று இடைவிடாமல் குலுக்கினாலும் எல்லா வரிசைகளும் ஒரு சுற்று வருவதற்கே இரண்டு நாளுக்கு மேலாகும். மணிகளை இருபதுக்கு இருபது என்று இரட்டிப்பாக்குங்கள். நேரமும் இரட்டிப்பாகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இப்போது 4,300 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்! (மணிகள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் குலுக்கும்போது பெரியவை மேலே வந்துவிடும். அது வேறு கதை. ஆகவேதான் ஒரே அளவு என்றேன்.)

கலந்த நிலைகள் இலட்சக் கணக்கில் உண்டு. பிரிந்த நிலை ஒன்றிரண்டுதான். அதனால்தான் தானாக நடப்பதெல்லாம் கலப்பதாகவே இருக்கிறது. இந்தக் கலப்பின் அளவுக்கு 1865இல் கிளாசியஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் என்ட்ரோபி என்று பெயரிட்டார். தனித்து விடப்பட்ட ஓர் அமைப்பில் என்ட்ரோபி குறைவதில்லை என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

அப்படியானால் குப்பையைப் பிரிக்க மிகுந்த ஆற்றல் தேவையா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மணிகளைப் பிரிப்பதற்கு இரண்டாம் விதி கேட்கும் குறைந்தபட்ச வேலை மிக மிகச் சொற்பம். கண் திறந்திருப்பவர் நாற்பது மணிகளை ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவார். குலுக்கும் டப்பாவுக்கு 4,300 ஆண்டு, நமக்கு ஒரு நிமிடம். வேறுபாடு எங்கே இருக்கிறது? நமக்கு எது கறுப்பு, எது சிவப்பு என்று தெரியும். டப்பாவுக்குத் தெரியாது.

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867இல் இதைப் பற்றி யோசித்தார். காற்று நிரம்பிய இரண்டு அறைகள். நடுவே ஒரு சிறு கதவு. கதவருகே மூலக்கூறுகளைப் பார்க்கவல்ல ஒரு நுண்ணுயிர் நிற்கிறது. விரைவாக வரும் மூலக்கூற்றை ஒரு பக்கமும், மெதுவாக வருவதை மறுபக்கமும் அது அனுப்பிவிட்டால், ஓர் அறை தானே சூடாகி மற்றது குளிராதா? இதற்கு மாக்ஸ்வெல்லின் பூதம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பூதம் இரண்டாம் விதியை வென்றதா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. வெல்லவில்லை என்பதே தீர்ப்பு. ஆனால் பிரிப்பதற்கு மூலப்பொருள் ‘இது இன்னது’ என்ற அறிவு என்பதை அந்தப் பூதம் நமக்குக் கற்றுக் கொடுத்தது.

ஒரு வாழைப்பழத் தோல் உங்கள் கையில் இருக்கும்போது அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் பிரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கை இடப்புறம் போவதற்குப் பதில் வலப்புறம் போகவேண்டும், அவ்வளவே. தொட்டிக்குள் விழுந்து மூடி சாய்ந்ததும் அந்த அறிவு தொலைந்துபோகிறது. அதை மீட்க வேறொருவர் ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். நம் ஊர்களில் அந்தப் பூதத்தின் வேலையைச் செய்பவர் தூய்மைப் பணியாளர். உடைந்த பல்பும், சவர பிளேடும், ஊசிப்போன குழம்பும் கலந்த குவியலில் அவர் கைவிட்டுத் தேடுவது நாம் ஒரு நொடியில் இலவசமாக வைத்திருந்த செய்தியைத்தான்.

சில நேரம் அதைத் தேடுபவை விலங்குகள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் அமைந்தது. இன்றும் அவ்வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. இறந்த மான்கள் சிலவற்றை அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் பிளாஸ்டிக் பைகள் திரண்டு கிடந்தன. மான் எதற்குப் பிளாஸ்டிக்கைத் தின்கிறது? அதற்குப் பிளாஸ்டிக் மேல் ஆசை இல்லை. பையின் உள்ளே சோற்றின் மணமும் உப்பின் ருசியும் ஒட்டியிருக்கின்றன. பையைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் போட்டிருந்தால் மான் சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். விழுப்புரம் தெருக்களில் அலையும் மாடுகளுக்கும் இதே கதைதான்.

சட்டமும் இந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், கழிவை உண்டாக்குபவரே அதை மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என்றன. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு தரும் பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் அவ்விதிகளில் தனி வகையாக இடம்பெற்றன.

பிரித்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விடுதியில் 300 மாணவர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் சோற்றை இலையில் மிச்சம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடிதான், ஆனால் மொத்தம் 30 கிலோ. இதைக் காற்றுப் புகாத கலத்தில் நொதிக்கவிட்டால் ஏறத்தாழ மூன்றரைக் கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். வெப்ப அளவில் இது சுமார் ஒன்றரைக் கிலோ சமையல் வாயுவுக்குச் சமம். ஒன்பது, பத்து நாளில் ஒரு வீட்டுச் சிலிண்டர் மிச்சம்! மாட்டுச் சாணத்தைக் காட்டிலும் சோறு அதிக வாயு தரும். காரணம் எளிது: சாணம் என்பது மாடு ஏற்கெனவே ஆற்றலை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சியது.

சமையலறைக் கழிவுக்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘நிசர்க்ருணா’ என்ற கலம் பல வளாகங்களில் நிறுவப்பட்டிருக்கிறது. கழிவை முதலில் கூழாக அரைத்து, வெந்நீர் சேர்த்து, காற்றோடு சிறிது நொதிக்க வைத்துப் பிறகு காற்றில்லாத பெரிய கலத்திற்கு அனுப்பும் ஏற்பாடு அது. கூழாக்கும் எந்திரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் வேலை நின்றுவிடும். பணம் போட்டுக் கலம் கட்டிய பிறகும் எல்லாம் சாப்பாட்டுக் கூடத்து வாளியில்தான் போய் நிற்கிறது. அதே சோறு பையோடு கட்டப்பட்டு ஊர்க் குப்பை மேட்டுக்குப் போனால் அங்கும் காற்றில்லாமல் நொதிக்கும், அங்கும் மீத்தேன் உண்டாகும். ஆனால் அது அடுப்புக்கு வராது, வானுக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் தன் எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

இந்த வாயுக் கலத்தைப் பார்த்து அளவுக்கு மேல் மகிழ்ந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 30 கிலோ சோற்றுக்குச் சுமார் 10 கிலோ அரிசி; அதற்குச் சுமார் 15 கிலோ நெல். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பது நெல் ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. ஆக 37,500 லிட்டர். பெரிய தண்ணீர் லாரிகள் மூன்று! கோடையில் கிணறு வற்றும் திண்டிவனம் வட்டாரத்தில் அந்தத் தண்ணீரின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. உரம், உழைப்பு, வேகவைத்த வெப்பம் எல்லாம் தனி. இவ்வளவும் போட்டுத் திரும்பப் பெறுவது ஒன்றரைக் கிலோ வாயு. முதலில் ஒரு கரண்டி, பசித்தால் இன்னொரு கரண்டி என்று பரிமாறினால் அந்த மூன்று லாரிகளும் நிலத்திலேயே இருக்கும்.

எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் பிரிக்க முடியாத பொருள்கள் சில உண்டு. அவற்றின் கலப்பு தொட்டியில் நடப்பதில்லை, தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள். உட்புறம் வெள்ளிபோல் மின்னுவது அலுமினியப் பூச்சு. அதன் மேலும் கீழும் பிளாஸ்டிக் ஏடுகள், மயிரிழையினும் மெல்லியவை, ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. எந்த முறமும் இவற்றைப் புடைத்துப் பிரிக்காது. பழைய பொருள் வாங்குபவர் இதைக் கையால் தொடுவதில்லை. காகிதத் தேநீர்க் கோப்பையும் இந்தச் சாதிதான். வெறும் காகிதமாக இருந்தால் தேநீரில் ஊறிக் கிழிந்திருக்குமே! உட்புறத்தில் மெல்லிய பாலிதீன் பூச்சு இருக்கிறது. காகிதம் மக்கும், பாலிதீன் மக்காது; சேர்ந்திருப்பதால் காகித ஆலைக்கும் எளிதில் உதவாது, உரக் குழிக்கும் உதவாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கித் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் ஒன்று என்பதற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

உங்கள் பள்ளியில் ஒரு வாரம் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. தராசு ஒன்றும் வாளிகள் மூன்றும் போதும். மதிய உணவுக்குப் பின் உணவு மிச்சத்தை ஒன்றிலும், காகிதம் போன்ற உலர்ந்தவற்றை ஒன்றிலும், எதிலும் சேராத பாக்கெட்டு வகைகளை மூன்றாவதிலும் போடச் செய்து, நாள்தோறும் எடையைக் குறித்துவாருங்கள். மூன்றாவது வாளியின் எடை மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் விரைவில் நிரம்பி வழிவது அதுவாகத்தான் இருக்கும். ஏன் என்று அடர்த்தியைக் கணக்கிட்டுக் கண்டுபிடியுங்கள். அந்த வாளியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கடையில் வாங்கியது, அதற்குப் பதில் அங்கே வேறு என்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மல்லாட்டை உருண்டை அந்தப் பட்டியலில் கட்டாயம் இடம்பெறும்.