டிவிடி ஆக்கம்

டிவிடி ஆக்கம் என்பது தொகுத்து முடித்த நிகழ்படத்தை வீட்டு டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக மாற்றும் பணியாகும். தொகுப்பு மென்பொருளின் திட்டக்கோப்பில் படம் இருப்பதில்லை. எந்தத் துண்டு எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்புகளே இருக்கும். அதை வட்டில் நகலெடுத்துக் கொடுத்தால் பிளேயரில் ஓடாது. எம்பி4 கோப்பாக மாற்றித் தரவு வட்டாக எழுதினாலும் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

டிவிடி-வீடியோ வட்டில் படம் பொதுவாக எம்பெக்-2 வடிவில் இருக்கும். இந்தியா, இலங்கையில் வழங்கும் பால் முறைக்கு 720×576 படப்புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இம்மாற்றத்தைச் செய்து, மெனுவும் சேர்த்து, வீடியோ_டிஎஸ் என்னும் கோப்புறையை உருவாக்கித் தரும்.

ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்டு, விண்டோஸ் கணினி அதையே 4.37 எனக் காட்டும். இரண்டு மணி நேரப் படத்துக்கு, ஒலியும் சேர்த்து, நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டுதான் கிடைக்கும். நான்கு மணி நேரக் கல்யாணப் படத்தை ஒரே வட்டில் திணித்தால், அசைவு மிகுந்த காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே மேல். இம்மாற்றத்தில் போன தெளிவு திரும்ப வராது என்பதால், வட்டு எழுதிய பிறகும் மூலக்கோப்புகளை அழிக்கக் கூடாது.

முதலில் ஐஎஸ்ஓ பிம்பமாகச் சேமித்து விஎல்சியில் ஓட்டிப் பார்த்தால் வட்டு வீணாகாது. எழுதும்போது குறைந்த வேகமும், வட்டை முடித்து மூடும் தேர்வும் தேவை. மூடப்படாத வட்டு, எழுதிய கணினியில் ஓடினாலும் வீட்டு பிளேயரில் ஓடாமல் போகலாம்.