நிற்கும் டிராக்டருக்கும் தீனி வேண்டும்

உழவு மாடு வைத்திருந்தவர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஏர் பூட்டாத நாளிலும் மாட்டுக்கு வைக்கோலும் தண்ணீரும் வைத்தாக வேண்டும். வேலையில்லை என்று தீனியை நிறுத்தினால், வேலை வரும் நாளில் மாடு எழுந்து நிற்காது. இன்று பெரும்பாலான ஊர்களில் மாட்டின் இடத்தை டிராக்டர் பெற்றுவிட்டது. இயந்திரம்தானே, ஓடாதபோது அதற்கு என்ன வேண்டும் என்ற எண்ணமும் கூடவே பரவியிருக்கிறது. டீசலைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் சரியே. பாட்டரியைப் பொறுத்தவரை இது முற்றிலும் தவறு.

சம்பா அறுவடை முடிந்தபின் பல டிராக்டர்கள் வாரக்கணக்கில் வேலையின்றிக் களத்து மேட்டிலும் வீட்டு முற்றத்திலும் வெயிலில் நிற்கின்றன. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்கிறது. உழவுக்கேற்ற ஈரப்பதம் மண்ணில் சில நாட்களே நிற்கும். அந்நாளில் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஒலியோடு வண்டி அடங்கிவிட்டால், பழுது பார்ப்பவரைத் தேடுவதிலும், பாட்டரியைச் சுமந்துகொண்டு நகரத்துக்குப் போவதிலும் பதம் கழிந்துவிடும். அப்போது இழப்பது பாட்டரியின் விலையை மட்டும் அன்று; கோடை உழவையும் சேர்த்தே இழக்கிறோம். ஊராட்சியின் டிராக்டர் நின்றுபோனாலோ, அன்று குடிநீர்த் தொட்டி தெருவுக்கு வராது.

பாட்டரிக்குள் நடப்பது யாது?

காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் முறையைப் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று டிராக்டரிலும் ஜீப்பிலும் உள்ள பாட்டரி அதே வழியில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு பாட்டரியிலும் ஆறு அறைகள் உண்டு. ஓர் அறை ஏறக்குறைய 2 வோல்ட் வீதம் தர, ஆறும் சேர்ந்து 12 வோல்ட் ஆகின்றன.

மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் காரீய சல்பேட்டு என்னும் பொருள் படிகிறது. மீண்டும் மின்னேற்றம் செய்தால் அப்படிவு கரைந்து தகடு பழைய நிலையை அடைகிறது. ஆனால் மின்சாரம் குறைந்த நிலையிலேயே பாட்டரியை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அப்படிவு கெட்டியான படிகமாக இறுகிவிடுகிறது. காலில் ஒட்டிய சேறு ஈரமாக இருக்கும்போது கழுவினால் உடனே போகும். காய்ந்து இறுகினால் எளிதில் போவதில்லை. அது போலவே, இறுகிய சல்பேட்டைப் பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் நீக்க இயலாது. பாட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிலையாகக் குறைந்துவிடும். ஆகவே, பல பாட்டரிகள் உழைத்துச் சாவதில்லை. வெறுமையாக நின்றே சாகின்றன.

மின்சாரம் எவ்வழியே போகிறது?

நிற்கும் வண்டியில் மூன்று வழிகளில் மின்சாரம் கசிகிறது. முதலாவது, பாட்டரிக்குள்ளேயே நிகழும் இயல்பான இழப்பு. வெப்பம் 10 டிகிரி செல்சியசு உயர்ந்தால் இவ்விழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் டிராக்டர்கள் நெடுநாள் ஓய்ந்து நிற்பது பங்குனி, சித்திரை மாதக் கடும் வெயிலில் என்பது இங்குக் கருதத்தக்கது.

இரண்டாவது, சாவியை எடுத்த பின்பும் மின்சாரம் உண்ணும் சிறு கருவிகள். மின்னணு மீட்டர், கடிகாரம், வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுப்பதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி, மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. டிராக்டர்களில் பரவலாகக் காணப்படும் 88 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது கால் பங்கு. இரண்டு மாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பாட்டரியின் மேற்புறத்தில் படியும் அழுக்கு. தூசியும் திராவக ஈரமும் பனியும் சேர்ந்து இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய பாதை அமைத்துவிடுகின்றன. அதன் வழியே மின்சாரம் சிறிது சிறிதாக ஒழுகும். வெளியில் நிற்கும் வண்டிகளில் இக்குறை மிகுதி.

பத்து நிமிடம் ஓட்டினால் போதுமா?

வாரம் ஒருமுறை வண்டியை எழுப்பிப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் பாட்டரி நிறைந்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் வீதம் ஐந்து விநாடி எடுத்தால் செலவு ஏறக்குறைய 0.4 ஆம்பியர்-மணி. அதன் பின் வண்டியின் ஆல்டர்னேட்டர், அஃதாவது நம் மக்கள் டைனமோ என்று வழங்கும் கருவி, மெதுவான ஓட்டத்தில் 10 ஆம்பியர் தருவதாகவே வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் வரவு 1.7 ஆம்பியர்-மணியே. செலவு போக மீதி 1.3. மாதத்தில் நான்கு முறை செய்தாலும் 5 ஆம்பியர்-மணியைச் சற்றே தாண்டும். மேலே கண்ட இழப்போ 22. டீசல் எரிந்ததே தவிரப் பாட்டரி நிறையவில்லை. வயலிலோ சாலையிலோ ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உண்மையான வேலை செய்தால்தான் பயன் தெரியும்.

வண்டியை மேட்டில் நிறுத்தி, உருட்டி எழுப்பும் பழக்கமும் பல ஊர்களில் உண்டு. இது பரிகாரம் ஆகாது. பாட்டரி அடியோடு வெறுமையானால் ஆல்டர்னேட்டரே மின்சாரம் தரத் தொடங்காமல் போகலாம். மேலும், மேட்டில் நிற்கும் வண்டி தானே உருண்டால், அருகில் விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்து நேரும்.

செய்யத்தக்கவை

வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், முதலில் பாட்டரியை முழுமையாக மின்னேற்றம் செய்ய வேண்டும். பின்னர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இக்கால வண்டிகளில் எதிர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுதல் வேண்டும். முறை மாறினால், நேர்முனையில் உள்ள ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மின்னணுக் கருவிகள் மிகுந்த புதிய வண்டிகளில், கம்பியைக் கழற்றும் முன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நன்று.

சமையல் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துப் பாட்டரியின் மேற்புறத்தையும், முனைகளில் பூத்துள்ள உப்பையும் துடைத்து, பிறகு ஈரமின்றி உலர்த்த வேண்டும். சோடா நீர் அறைகளுக்குள் ஒரு சொட்டும் புகலாகாது. முனைகளில் வாசலின் சிறிது பூசினால் உப்புப் பூப்பது குறையும்.

மூடி திறக்கும் வகைப் பாட்டரியானால் திராவகத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். தகடுகள் எப்போதும் மூழ்கியிருத்தல் அவசியம். குறைந்தால் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். திராவகத்தைச் சேர்த்தலும் கூடாது.

மாதம் ஒருமுறை வோல்ட் அளக்க வேண்டும். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழிந்தபின் அளப்பதே சரியான அளவு. 12.6-க்குக் குறையாமல் இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி; 12.0 கால் பங்கு. 12.4-க்குக் கீழே இறங்கினால் காலம் தாழ்த்தாமல் மின்னேற்றம் செய்ய வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அஃதாவது 88 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஏறக்குறைய 9 ஆம்பியரில், மெதுவாக ஏற்றுவதே பாதுகாப்பானது.

மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பற்றும் தன்மையுடையது. எனவே, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அருகில் பீடியோ விளக்கோ கூடாது. திராவகம் கண்ணில் பட்டால் நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சூரிய ஒளியே தீனி

களத்து மேட்டில் மின்இணைப்பு இல்லாதபோது என் செய்வது? அங்கு வெயில் உண்டு. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சிலிக்கன் சூரிய மின்கலம் இன்று சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. 10 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய அரை ஆம்பியர் தரும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்தால், 2 ஆம்பியர்-மணிக்குக் குறையாது. அன்றாடக் கசிவை ஈடுகட்ட இது போதும்.

இதில் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, தகட்டை நேரே பாட்டரியில் இணைக்கலாகாது. இடையே மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி இருத்தல் வேண்டும். அது பாட்டரி மிகையாக ஏறுவதையும், இரவில் மின்சாரம் தகட்டுக்குத் திரும்புவதையும் தடுக்கும். பாட்டரிக்கு அருகில் கம்பியில் ஒரு பியூசும் தேவை. இரண்டாவது, தகட்டுக்கு வெயில் வேண்டும். பாட்டரிக்கு நிழல் வேண்டும். ஆகையால் வண்டியைக் கீற்றுக் கொட்டகையிலோ மர நிழலிலோ நிறுத்தி, நிழல் விழாத இடத்தில் தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்தி, கம்பியை இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சிறு தகடு நிறைந்த பாட்டரியைக் காக்குமே தவிர, வெறுமையான பாட்டரியை உயிர்ப்பிக்காது. 88 ஆம்பியர்-மணியை நாளுக்கு 2 வீதம் நிரப்ப நாற்பது நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் சல்பேட்டு இறுகிவிடும்.

ஊராட்சி மன்றங்கள் செய்யக்கூடியவை

மின்னேற்றும் கருவி ஒன்றும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஊராட்சியோ உழவர் குழுவோ ஒரு தொகுதியை வாங்கிப் பொதுவில் வைத்தால் ஊருக்கே போதும். ஊராட்சி வண்டிக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்து, மாதந்தோறும் தேதியையும் வோல்ட் அளவையும் ஓட்டுநர் எழுதிவரலாம். அளவு மாதத்துக்கு மாதம் இறங்குவது ஏட்டில் தெரிந்தால், வண்டி நின்றுபோகும் முன்பே பரிகாரம் தேடலாம்.

குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகள் பல ஊராட்சிகளில் ஓடுகின்றன. அவற்றில் உள்ளது காரீய பாட்டரியா, லித்தியம் பாட்டரியா என்பதைக் கேட்டறிதல் அவசியம். காரீய பாட்டரியை நிறைத்து வைக்க வேண்டும். லித்தியம் பாட்டரியோ, நெடுநாள் ஓய்வில் ஏறக்குறைய பாதி அளவில் இருப்பதை விரும்பும். அதற்குரிய மின்னேற்றக் கருவியும் வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்துதல் ஆபத்து.

ஆயுள் முடிந்த பாட்டரியை வீட்டில் உடைப்பதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் பெருந்தீங்கு. காரீயம் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரியைப் பிற குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்வோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது எளிய வழி.

மாதம் அரைமணி நேரக் கவனிப்பு பெரிய சுமை அன்று. தொழுவத்து மாட்டை மாலைதோறும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும் வழக்கம் நம் உழவர் பெருமக்களுக்குப் புதியதன்று. கொட்டகையில் நிற்கும் டிராக்டரையும் அவ்வாறே மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால், மழை பெய்த மறுநாள் காலை முதல் திருப்பிலேயே அது எழுந்துவரும்.